ஆயிரம் பேரும் பத்து லட்சம் பேரும் – பென்ரோஸ் கணக்கு: ஒரு திறனாய்வு

பெரிய அமைப்பு ஒன்றினுள் சிறிய அரசியல் குழு ஒன்று நுழைந்து, சில ஆண்டுகளில் அதன் செயற்குழுவையும் தலைமையையும் தன் வயப்படுத்திக்கொள்வதை 'ஊடுருவல்' என்று குறிப்பிடுகிறோம். தொழிற்சங்கம், மாணவர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், அரசியல் கட்சி என எந்த அமைப்பும் இதற்கு விலக்கன்று. இதைப் பற்றிப் பேசுவோர் கரையானையும் புல்லுருவியையும் உவமையாகக் கூறுவது வழக்கம். உவமை நம் கோபத்தைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. நூறு பேர் கொண்ட சங்கத்தைப் பத்துப் பேர் ஆட்டிப் படைப்பது எப்படி முடிகிறது? மீதி 90 பேரும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இக்கேள்விக்கு எண்களைக் கொண்டு விடை காண முயன்றவர்களுள் முதன்மையானவர் லயனல் பென்ரோஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர். இவர் மரபியலாரும் மனநல மருத்துவரும் ஆவார். கருந்துளை ஆராய்ச்சிக்காக 2020ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோஜர் பென்ரோஸ் இவருடைய மகன். இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946-இல், பெரும்பான்மை வாக்கெடுப்பின் புள்ளியியலைப் பற்றி லயனல் பென்ரோஸ் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். உலக நாடுகளின் பேரவையில் ஒவ்வொரு நாட்டின் வாக்கு வலிமையும் அந்நாட்டு மக்கள்தொகையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அமையவேண்டும் என்ற கருத்து அக்கட்டுரையிலிருந்து பிறந்ததே. உறுதியான சிறு குழு ஒன்று அக்கறையற்ற பெருங்கூட்டத்தை எப்படி வெல்லும் என்பதையும் அதே வர்க்கமூலத்தைக் கொண்டே அவர் விளக்கினார்.

அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் உண்மை? எங்கே அது பிழைபடுகிறது? நம் நாட்டு வரலாற்று நிகழ்ச்சி ஒன்றில் அதை உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாணயம் சுண்டும் உறுப்பினர்

ஒரு சங்கத்தில் 100 உறுப்பினர்கள் இருப்பதாகக் கொள்வோம். அவர்களுக்குத் தீர்மானத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒரு நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் 'ஆம்' என்றும் தலை விழுந்தால் 'இல்லை' என்றும் வாக்களிப்பதாக வைத்துக்கொள்வோம். சரியாக 50-க்கு 50 என்று விழுவது அரிது. ஆனால் 80-க்கு 20 என்று விழுவது அதைவிட மிகமிக அரிது. பத்து முறை சோதித்தால் ஏறத்தாழ ஏழு முறை இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு 10-க்குள் அடங்கிவிடும்.

இந்த 10 என்பது 100-இன் வர்க்கமூலம். இது தற்செயலன்று. நீரில் மிதக்கும் நுண்துகளை நுண்ணோக்கியில் பார்த்தால், எல்லாப் பக்கங்களிலிருந்தும் மூலக்கூறுகள் மோதுவதால் அது இங்குமங்கும் அலைவது தெரியும். இதுவே பிரௌனியன் இயக்கம். ஐன்ஸ்டைன் 1905-இல் இதற்குக் கணித விளக்கம் தந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர் 1943-இல் இத்துறை முழுவதையும் தொகுத்து எழுதிய கட்டுரை இன்றும் மாணவர்களுக்கு வழிகாட்டி. குடிகாரன் ஒருவன் நேர்கோட்டில் முன்னும் பின்னுமாக 100 அடி வைத்தால், புறப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 10 அடித் தொலைவில் நிற்பான். 10,000 அடி வைத்தால் ஏறத்தாழ 100 அடித் தொலைவில் நிற்பான். நடந்த அடிகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது, மிஞ்சுவது வர்க்கமூலமே.

இப்போது அந்த 100 பேருடன், முன்கூட்டியே பேசி வைத்து ஒரே பக்கம் வாக்களிக்கும் 10 பேரைச் சேர்ப்போம். அவர்கள் வாக்கு ஒன்றையொன்று அழிப்பதில்லை. முழுவதும் ஒரே திசையில் கூடுகிறது. கணக்கிட்டால், அவர்கள் விரும்பிய முடிவு நிறைவேறும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 84. அக்குழு 20 பேராக இருந்தால் 100-க்கு ஏறத்தாழ 98.

கூட்டம் பெருகப் பெருக இதன் வியப்பும் பெருகுகிறது. பத்து லட்சத்தின் வர்க்கமூலம் 1,000. ஆகவே, நாணயம் சுண்டும் பத்து லட்சம் பேருக்கு நடுவே 1,000 பேர் கொண்ட உறுதிக் குழு இருந்தால், அதன் வெற்றி வாய்ப்பும் அதே 84. ஆயிரத்தில் ஒரு பங்கினர் மீதி 999 பங்கினரை வழிநடத்திவிடலாம் என்கிறது கணக்கு.

வராதவர்கள்

பென்ரோஸ் கணக்கின் சிறப்பு, அது நம் பார்வையைத் திருப்பிவிடுவதில் உள்ளது. சிறு குழுவின் வலிமை அதன் சூழ்ச்சியில் இல்லை. மற்றவர்களின் அக்கறையின்மையில் இருக்கிறது என்று அது காட்டுகிறது.

இதையே வேறொரு வகையில் பார்ப்போம். 900 உறுப்பினர் கொண்ட ஒரு சங்கத்தில் 15 பேர் கொண்ட குழு ஒன்று உள்ளது. எல்லோரும் வந்து வாக்களித்தால் அக்குழுவின் வெற்றி வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 69. தனிக்குழு இல்லாவிட்டாலும் இருக்கக்கூடிய 50-ஐவிட இது சற்றே அதிகம். ஆனால் நம் ஊர்களில் ஆண்டுப் பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை மாலை, வெயில், வீட்டில் விருந்தினர் எனக் காரணங்கள் பல. 60 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 15 பேரும் தவறாமல் வந்திருப்பார்கள். அப்போது அவர்களின் வெற்றி வாய்ப்பு 98-ஐத் தாண்டிவிடுகிறது. குழு வளரவில்லை, அதன் பேச்சுத்திறனும் கூடவில்லை. 840 பேர் வீட்டிலிருந்தபடியே அதற்குத் துணைபுரிந்துவிட்டார்கள்.

படிக்கட்டுக் கணக்கு

பெரிய அமைப்புகளில் எல்லோரும் ஒரே மன்றத்தில் வாக்களிப்பதில்லை. கிளை, வட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1920ஆம் ஆண்டு நாகபுரியில் திருத்தியமைக்கப்பட்ட காங்கிரஸ் மகாசபையின் விதிகள் இத்தகைய கூர்நுனிக் கோபுரத்தையே உருவாக்கின.

வாசகர்கள் 27 புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு இதைச் சோதிக்கலாம். அவற்றில் 8-இன் மேல்தோலைத் தேய்த்து வெள்ளையாக்கிக் கொள்ளுங்கள். மும்மூன்றாக ஒன்பது கிளைகள் அமையுங்கள். வெள்ளைக் கொட்டைகளை நான்கு கிளைகளில் மட்டும் இரண்டிரண்டாக வையுங்கள். ஒவ்வொரு கிளையும் பெரும்பான்மைப்படி ஒரு பிரதிநிதியை அனுப்பினால், ஒன்பது பிரதிநிதிகளில் நால்வர் வெள்ளை. இந்த ஒன்பது பேரையும் மும்மூன்றாகப் பிரிக்கும்போது, இரண்டு பிரிவுகளில் வெள்ளையர் இருவர் இருவராக அமைந்துவிட்டால், உச்சியில் உள்ள மூவரில் இருவர் வெள்ளை. 27 பேரில் 8 பேர், அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லாதவர்கள், தலைமையைப் பிடித்துவிட்டனர்! இன்னொரு படி சேர்த்தால் 81 பேரில் 16 பேர் போதும்.

ஆனால் அதே 8 கொட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு இறைத்துப் பாருங்கள். முடிவு நேர்மாறாகும். நூற்றுக்கு 30 பேராக உள்ள சிறுபான்மை, தற்செயலாகப் பரவியிருந்தால், முதற்படியில் ஏறத்தாழ 22 ஆகவும், அடுத்த படியில் 12 ஆகவும், அதற்கடுத்த படியில் 4 ஆகவும் தேய்ந்துவிடும். பிரெஞ்சு இயற்பியலார் செர்ஜ் காலம் 1980-களிலிருந்து இவ்வகைக் கணக்குகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். படிநிலை அமைப்பு சிதறிய சிறுபான்மைக்குச் சுவர். இடம் பார்த்து அமர்ந்த சிறுபான்மைக்கு ஏணி.

கணக்கின் முதல் பலவீனம்

இதுவரை பென்ரோஸுக்குத் துணையாகவே பேசினோம். இனிக் குறைகளைப் பார்ப்போம்.

நாணயம் சற்றே சாய்ந்திருந்தால் என்ன ஆகும்? பத்து லட்சம் பேரின் மனம் 50-க்கு 50 என்றில்லாமல், குழுவுக்கு எதிராக 50.05-க்கு 49.95 என்று இருப்பதாகக் கொள்வோம். இவ்வளவு சிறிய சாய்வே சராசரியாக 1,000 வாக்கு வேறுபாட்டைத் தந்துவிடும். 1,000 பேர் கொண்ட குழுவின் பலம் முழுவதும் அத்தோடு தீர்ந்தது. சாய்வு 51-க்கு 49 என்றால் எதிர் வேறுபாடு 20,000. குழு இருக்கும் இடமே தெரியாது. ஏனெனில் அலைவு வர்க்கமூலமாக வளர்கிறது; சாய்வோ எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது.

எங்கள் திருவண்ணாமலையில் இதைக் கண்ணால் காணலாம். மாலை நேரத்தில் தேரடி வீதியில் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். கைகோத்த பத்துப் பேர் அக்கூட்டத்தை எளிதில் பிளந்துகொண்டு போகலாம். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் மலையை வலப்புறம் வைத்து ஒரே திசையில் நடக்கின்றனர். அங்கே அதே பத்துப் பேர் கைகோத்து எதிர்த்திசையில் செல்ல முயன்றால் ஓரடி வைப்பதும் கடினம். கூட்டத்தின் பருமனைவிட, கூட்டத்துக்கு ஒரு திசை உண்டா என்பதே முக்கியம்.

வரலாற்றுச் சோதனை

இம்முறைக்கு உலகில் எடுத்துக்காட்டுகள் பல. 1934-இல் ட்ராட்ஸ்கி, பிரான்சிலிருந்த தம் ஆதரவாளர்களை அங்குள்ள சோஷலிஸ்ட் கட்சியில் சேருமாறு கூறினார். பிரிட்டனின் லேபர் கட்சிக்குள் தனிக்குழுவாக இயங்கியதற்காக 'மிலிட்டன்ட்' ஏட்டின் ஆசிரியர் குழுவினர் ஐவர் 1983-இல் நீக்கப்பட்டனர். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு, ட்ராட்ஸ்கி அறிவுரை கூறிய அதே 1934-இல் நம் நாட்டில் தொடங்குகிறது.

அவ்வாண்டு மே மாதம் பாட்னாவில் ஆச்சாரிய நரேந்திர தேவ் தலைமையில் கூடிய மாநாட்டிலிருந்து காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி உருவாயிற்று. ஜெயப்பிரகாஷ் நாராயண், மினூ மசானி, அச்சுத பட்வர்த்தன் முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். காங்கிரஸ் உறுப்பினர் மட்டுமே இதில் சேரலாம். அதாவது இது கட்சிக்குள் ஒரு கட்சி. காங்கிரசைச் சோஷலிசப் பாதைக்குத் திருப்புவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம்.

அதே ஆண்டில் கம்யூனிஸ்ட் கட்சியை ஆங்கில அரசு தடை செய்தது. 1935-இல் மாஸ்கோவில் கூடிய கம்யூனிஸ்ட் அகிலத்தின் ஏழாம் மாநாடு, பிற முற்போக்குச் சக்திகளுடன் ஐக்கிய முன்னணி அமைக்கும் கொள்கையை வகுத்தது. 1936 ஜனவரியில் மீரத்தில் கூடிய காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி மாநாடு, கம்யூனிஸ்டுகளைத் தன்னுள் சேர்த்துக்கொள்ள முடிவு செய்தது. இதில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பெரும் ஆர்வம் காட்டினார். ஆக, காங்கிரசுக்குள் சோஷலிஸ்டுகள், சோஷலிஸ்டுகளுக்குள் கம்யூனிஸ்டுகள். ஒரு பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் மற்றொரு பெட்டி.

பின்னர் நடந்தவை: 1938-இல் லாகூர் மாநாட்டில் செயற்குழுவுக்குக் கம்யூனிஸ்டுகள் தனிப்பட்டியல் ஒன்றை முன்வைத்துத் தோற்றனர். அதே ஆண்டில் மசானி, கம்யூனிஸ்ட் கட்சியின் உள்ளறிக்கை ஒன்றை வெளியிட்டு, சோஷலிஸ்ட் கட்சியைக் கைப்பற்றும் திட்டம் இது என்று குற்றஞ்சாட்டினார். 1939-இல் மசானி, லோகியா, அச்சுத பட்வர்த்தன், அசோக் மேத்தா ஆகியோர் செயற்குழுவிலிருந்து விலகினர். 1940-இல் கம்யூனிஸ்டுகள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். அப்போது பார்த்தால், தென்னாட்டுக் கிளைகள் பெரும்பாலும் கம்யூனிஸ்ட் கட்சியோடு போய்விட்டன. கேரளத்தில் பி. கிருஷ்ண பிள்ளை, ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு, ஏ.கே. கோபாலன், ஆந்திரத்தில் பி. சுந்தரய்யா, தமிழகத்தில் ப. ஜீவானந்தம், பி. ராமமூர்த்தி, பி. சீனிவாசராவ் என அதன் முன்னணித் தொண்டர்கள் அனைவரும் கம்யூனிஸ்டுகளாகவே இருந்தனர்.

இதைப் பென்ரோஸ் கணக்கு விளக்குகிறதா? இல்லை. காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியில் இருந்தவர்கள் நாணயம் சுண்டுவோர் அல்லர். சிறை சென்றவர்கள், படித்தவர்கள், தத்துவம் பேசியவர்கள். அக்கறையற்றோர் இல்லாத இடத்தில் சிறு குழு தோற்கவேண்டும். லாகூரில் அப்படித்தான் தோற்றது. ஆனால் தெற்கே வென்றது. ஏன்? பஞ்சாலைத் தொழிலாளரிடையிலும் ரயில்வே தொழிலாளரிடையிலும் குடியானவர்களிடையிலும் நாள்தோறும் வேலை செய்தவர்கள் அவர்களே. உடனிருந்தவர்கள் அவர்களைப் பார்த்து மனம் மாறினார்கள். பென்ரோஸ் கணக்கில் யாரும் மனம் மாறுவதில்லை. குழு குழுவாகவும் கூட்டம் கூட்டமாகவும் கடைசிவரை இருக்கின்றன. இதுவே அக்கணக்கின் இரண்டாம் பலவீனம். தென்னாட்டில் நடந்ததை வெறும் ஊடுருவல் என்று எழுதுவோர் அந்த உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

மற்ற நாணயம்

அப்படியானால் மசானியின் சினத்துக்கு அடிப்படையே இல்லையா? உண்டு. இங்கேதான் கணக்கின் மூன்றாம் பலவீனம் வெளிப்படுகிறது.

சோதனைச்சாலையில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்து விளைவை ஒப்பிடுவோம். வரலாறு அத்தகைய வாய்ப்பை எளிதில் தராது. ஆயினும் இங்கே ஓரளவு தந்திருக்கிறது. காங்கிரசுக்குள் சோஷலிஸ்டுகள் இருந்ததும், சோஷலிஸ்டுகளுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்ததும் எண்ணிக்கையளவில் ஒரே வகைச் செயல்தான். ஆனால் முன்னவர்கள் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நுழைந்தார்கள். யார் உறுப்பினர், என்ன திட்டம், எந்தத் தீர்மானத்தை எதிர்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். காந்தியடிகளுக்கு அவர்கள் கொள்கையில் உடன்பாடில்லை. ஆயினும் வாதிடலாம், வாக்கெடுப்பில் தோற்கடிக்கலாம், வெல்ல விடலாம். 1948-இல், தனி விதிகள் கொண்ட கட்சியின் உறுப்பினர் காங்கிரசில் இருக்கக்கூடாது என்று முடிவானபோது, சோஷலிஸ்டுகள் நாசிக்கில் கூடி வெளியேற முடிவு செய்தனர். யாரும் யாரையும் 'ஏமாற்றினாய்' என்று சொல்ல இடமிருக்கவில்லை.

பின்னவர்கள் நிலை வேறு. கம்யூனிஸ்டுகள் வருகிறார்கள் என்பது தெரிந்த முடிவே. யார் யார் அவர்கள், எந்தக் கட்டளையை எங்கிருந்து பெறுகிறார்கள் என்பதே தெரியாதது. தடைசெய்யப்பட்ட கட்சிக்காரன் தன்னை வெளிப்படுத்திக்கொண்டால் சிறைதான். ஆகவே மறைவு அவர்களுக்கு வேண்டியிருந்தது. இதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் போலீசுக்கு மறைத்தது, பக்கத்தில் அமர்ந்திருந்த தோழருக்கும் மறைந்தது. பாதிப்பு அங்கேதான். 1942-இல் தடை நீங்கியது. இழந்த நம்பிக்கை அவ்வளவு விரைவில் மீளவில்லை.

பென்ரோஸின் கணக்கில் சுண்டும் நாணயம் உண்டு. தமிழில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறதே, அந்த நாணயத்துக்கு அதில் இடமில்லை. வெளிப்படையான பத்து வாக்கும் மறைவான பத்து வாக்கும் கணக்கில் ஒன்றே. ஆனால் அமைப்பின் வாழ்வில் ஒன்றல்ல. வெளிப்படையான குழுவுக்கு எதிராக மற்றவர்கள் தம் மனத்தைச் சாய்த்துக்கொள்ளலாம். சிறு சாய்வே போதும் என்று முன்பே பார்த்தோம். மறைவான குழுவோ, எதிர்ச்சாய்வு உண்டாகும் வாய்ப்பையே மற்றவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது. மறைவு குற்றமாவது இதனால்தான்.

ஒரு மறுப்பு

'எல்லாம் வெளிப்படையாக இருந்தால் சிக்கலே இல்லையா?' என்று ஒருவர் கேட்கலாம். 1977-இல் பல கட்சிகள் கலந்து ஜனதா கட்சி உருவானது. அதில் இணைந்த ஜனசங்கத்தினர் பலர் ராஷ்டிரிய சுயம்சேவக் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அழைக்கப்பட்டே வந்தனர். இதை ஊடுருவல் என்பது பொருந்தாது. ஆயினும் 1979-இல் 'இரட்டை உறுப்பினர்' பிரச்சினை ஜனதாவைப் பிளந்த காரணங்களுள் ஒன்றாயிற்று. 1980 ஏப்ரலில் அவர்கள் வெளியேறிப் பாரதிய ஜனதா கட்சியை அமைத்தனர்.

இதிலிருந்து தெரிவது: வெளிப்படைத்தன்மை பிளவைத் தடுத்துவிடாது. ஒருவருக்கு இரண்டு அமைப்புகளின் கட்டளைகள் மோதும்போது எதைப் பின்பற்றுவார் என்ற கேள்வி எஞ்சியே நிற்கும். ஆனால் அக்கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் கேட்கவும், விடை பிடிக்காவிட்டால் பிரியவும் வெளிப்படைத்தன்மை வழிவிடுகிறது. இடது, வலது என்ற வேறுபாடு இதற்கில்லை. நமக்குப் பிடித்த குழு நுழைந்தால் 'அணிதிரட்டல்' என்றும், பிடிக்காத குழு நுழைந்தால் 'ஊடுருவல்' என்றும் எழுதுவது அறிவியல் பார்வையாகாது.

முடிவாக

எந்த மாதிரியையும் அதன் எடுகோள்களோடு சேர்த்தே மதிப்பிடவேண்டும். அலட்சியமான கூட்டத்தில் சிறு குழு எவ்வளவு பெரிதாகிறது என்பதைப் பென்ரோஸ் கணக்கு துல்லியமாகக் காட்டுகிறது. மனம் மாறுதலையும் மறைவையும் அது காட்டாது. அது காட்டாதவற்றை வரலாற்றிலிருந்துதான் நிரப்பவேண்டும்.

ஊடுருவலுக்கு மருந்தாகச் சிலர் கூறுவது வேட்டை: உறுப்பினர் பட்டியலைச் சலித்துச் சந்தேகத்துக்குரியவர்களை நீக்குவது. இது அமைப்பை மேலும் சுருக்கும், அஞ்சியவர்கள் ஒதுங்குவார்கள், கூட்டத்துக்கு வருவோர் மேலும் குறைவர். அப்போது அடுத்த சிறு குழுவுக்கு இன்னும் குறைவான ஆட்களே போதும். நம் கணக்கே இதைச் சொல்கிறது.

ஆகவே, உங்கள் கல்லூரி மன்றத்திலோ, தொழிற்சங்கத்திலோ, ஊர்ச் சங்கத்திலோ 'யாரோ புகுந்து கைப்பற்றிவிட்டார்கள்' என்ற பேச்சு எழுந்தால், முதலில் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உறுப்பினர் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வராதவர்களின் எண்ணிக்கைக்கு அருகில் உங்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். புகுந்தவர்களைப் பற்றிப் பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.